ஒ போட்டால் பிரசவம்

நான் ரெக்கார்டு ரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அண்ணாச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டீ சாதாவா, இருநூத்தம்பதா?" என்பதுதான். விலையைச் சொல்கிறார் என்று நினைத்துத் திகைத்து நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, இருநூற்றைம்பது என்றால் சர்க்கரை நோய். இருநூற்றைம்பது டீ என்றால் சீனி போடாத டீ. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீ மாஸ்டருக்குக் கூட இந்த பாஷை அத்துப்படி.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் இருந்த நடுத்தரமான ஆஸ்பத்திரி அது. டிரஸ்ட் ஒன்று நடத்தியது. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனதும் அவருடைய கேஸ் ஷீட் எங்கள் அறைக்கு வந்துவிடும். டாக்டர் எழுதியிருக்கிற நோய்க்கு என்ன நம்பர் என்று ஒரு தடித்த புத்தகத்தில் பார்த்து, அதை ஷீட்டின் தலையில் எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். உலகம் முழுக்க ஒரு நோய்க்கு ஒரே நம்பர். அப்போதுதான் எந்த ஊரில் எந்த நோய் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க முடியும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கை சூலக்கரையில் இருக்கிற மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அனுப்புவோம்.

எனக்கு இந்த வேலை பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மல்லாங்கிணறில் எங்கள் அப்பா கோழி அறுத்தால் நான் தெருக்கோடிக்கு ஓடிவிடுவேன். அத்தனை பயம் ரத்தம் என்றால். ஆஸ்பத்திரி வேலை, ஆனால் நோயாளி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, காகிதத்தைப் பார்த்தால் போதும் என்றதும் மறுபேச்சில்லாமல் சேர்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி எனக்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர். நாற்பதைத் தாண்டியவர், தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. எல்லா நம்பரும் மனப்பாடம். கேஸ் ஷீட்டைப் புரட்டும்போதே கை நம்பரை எழுதிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மினால் "நானூத்தி அறுபது" என்று முணுமுணுப்பார். வாட்ச்மேன் ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்து, "அண்ணாச்சி, வாசல்ல ஒரு நானூத்தி ஒண்ணு மயங்கிக் கெடக்கு" என்றார். நானூற்று ஒன்று என்றால் ரத்தக் கொதிப்பு. அந்த அளவுக்கு நம்பர்கள் எங்கள் ஆஸ்பத்திரியின் பேச்சாகியிருந்தன. அதற்கு அண்ணாச்சிதான் காரணம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடங்களில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நோய் நம்பர் புத்தகத்தில் இதுவரை இருந்த ஒன்பதாவது பதிப்பை விட்டுவிட்டு, எல்லோரும் பத்தாவது பதிப்புக்கு மாற வேண்டும். பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "பழைய நம்பர் எல்லாம் இனிமே செல்லாது. மதுரையில பயிற்சி வச்சிருக்காங்க, ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "பத்தாவதுன்னா ஒம்பதுல கொஞ்சம் சேத்திருப்பாக. வேற என்னத்தப் பண்ணிருக்கப் போறாக" என்றார்.

மதுரையில்தான் தெரிந்தது என்ன பண்ணியிருக்கிறார்கள் என்று. வெறும் நம்பராக இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தார்கள். பழைய நம்பர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் எழுந்து, "சார், பட்டாசு வெடிச்சுக் காயம்னா எங்கன இருக்கு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்துக்கு அதுதானே முக்கியம்.

"W39" என்றார் பயிற்சி கொடுத்தவர்.

"E இல்லையா?"

"E இப்போ சர்க்கரை, தைராய்டு வியாதிகளுக்கு."

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். பழைய புத்தகத்தில் விபத்துக்கு மட்டும் முன்னால் E போடுவோம். எங்கள் கேஸ் ஷீட்டுகளில் பாதி பட்டாசு என்பதால், E என்றாலே எங்களுக்குப் பட்டாசுதான். திரும்பி வரும்போது பஸ் திருமங்கலத்தைத் தாண்டி, கள்ளிக்குடி வந்தபோது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"E-ங்கிறது நம்ம பட்டாசுக்கு இருந்த எழுத்து தாயி. அதக் கொண்டுபோயி சர்க்கரைக்குக் குடுத்துட்டாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

புதுப் புத்தகம் மூன்று தொகுதிகளாக வந்தது. சிவகாசி அச்சகத்தில் கலர் ஒதுங்கி வீணான காலண்டர் தாள்களை வாங்கிவந்து அவற்றுக்கு அட்டை போட்டோம். முதல் தொகுதியின் அட்டையில் இருந்த லட்சுமிக்கு மூக்கு ஓரிடத்திலும் மூக்குத்தி வேறிடத்திலும் இருந்தது. அண்ணாச்சி ஒரு கேஸ் ஷீட்டை எடுப்பார், பழைய நம்பர் தானாக வாய்க்கு வரும், அதை விழுங்குவார், பெருமூச்சு விடுவார், மூன்றாவது தொகுதியில் தேடுவார், அங்கே கிடைத்ததை முதல் தொகுதியில் சரிபார்ப்பார். ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்த வேலை கால் மணி நேரம் ஆனது. மேஜையில் ஷீட்டுகள் ஆளுயரத்துக்கு ஏறின. எனக்கு மனப்பாடமாக எதுவும் இல்லாததால் மறப்பதற்கும் எதுவும் இல்லை. நான் அவரைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனேன். அது அவருக்கு இன்னும் உறுத்தியிருக்கும்.

டீக்கடையிலும் இந்தச் சண்டை நடந்தது. "இனிமே இருநூத்தம்பது கெடையாது, E பதினொண்ணு" என்று அண்ணாச்சியே போய் மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "அதெல்லாம் ஒங்க ஆஸ்பத்திரியோட வச்சுக்கோங்க அண்ணாச்சி. எனக்கு இருநூத்தம்பதுதான்" என்று சொல்லிவிட்டார்.

எப்படியோ முதல் மாதக் கணக்கை முடித்து அனுப்பினோம். ஒரு வாரம் போயிருக்கும். சூலக்கரையிலிருந்து பெரிய டாக்டருக்கு போன் வந்தது. "உங்க ஆஸ்பத்திரியில பிரசவ வார்டை மூடிட்டீங்களா? போன மாசம் ஒரு பிரசவம்கூட இல்லைன்னு வந்திருக்கே?"

இந்தச் செய்தி எங்கள் அறைக்கு வருவதற்கு முன் பிரசவ வார்டுக்குப் போய்விட்டது. அந்த வார்டின் தலைமை நர்ஸ் சாத்தூர்க்காரர், எல்லோரும் சிஸ்டரம்மா என்போம். பிள்ளை பெறுகிறவர்களை அதட்டியே பெற வைக்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலோடு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, போன மாசம் எங்க வார்டுல ஒரு பிள்ளையும் பெறக்கலையாம்ல?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் எழுதி அனுப்பிருக்கீகளாம். அப்ப நான் ராத்திரி பகலாக் கையில வாங்குனதெல்லாம் என்ன, பலாப்பழமா?"

அண்ணாச்சி பதறிப்போய் ஷீட்டுகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் சரியாகத்தான் எழுதியிருந்தார். சுகப்பிரசவத்துக்கு O80. நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். அங்கே எல்லாப் பிரசவமும் 080 என்று, முன்னால் சைபரோடு இருந்தது. அவர் பேனாவில் எழுதிய O-வும் சைபரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போதாததற்கு அவர் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். அந்தக் காலத்து மெஷின்களில் சைபருக்குத் தனி விசை இல்லாமல் O-வையே அடித்துப் பழகியவர். கம்ப்யூட்டரில் சைபர் இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் சைபரையே அடித்துவிட்டார். எழுத்து இல்லாத நம்பரை கம்ப்யூட்டர் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. ரத்தக் கொதிப்புக்காரர்களும் அப்படித்தான் காணாமல் போயிருந்தார்கள். I10 என்பது 110 ஆகிவிட்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் சிஸ்டரம்மா இடுப்பில் கைவைத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு முட்டையப் போட்டு எங்க வார்டையே முழுங்கிட்டீகளே அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே வராண்டா முழுக்கச் சிரித்தபடி போனார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே அன்று வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் நான் வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் இருந்த பிரசவ ஷீட்டுகளின் தலையில் O இல்லை. அதற்குப் பதிலாக ஒ இருந்தது. நம்முடைய தமிழ் ஒ, வாலெல்லாம் வைத்து.

"என்ன அண்ணாச்சி இது?"

"இதப் பாத்துட்டு யாராச்சும் சைபர்னு சொல்லட்டும் பாப்பம்" என்றார். "எழுதறப்ப ஒ. அடிக்கறப்ப O. குழப்பமே வராது."

உண்மைதான். ஒ-வை எந்த அவசரத்திலும் சைபர் என்று படிக்க முடியாது. அதே போல I-யை ஒன்று என்று படிக்காமல் இருக்க அதற்குப் பதில் இ என்று எழுதினார். இ-10. நான் அந்த ஷீட்டுகளை வாங்கி அடிக்கத் தொடங்கினேன். ரத்தக் கொதிப்பு, இ. மாரடைப்பு, இ. இதய வால்வு அடைப்பு, இ. ஐந்தாறு ஷீட் போனதும் எனக்கு ஏதோ தட்டுப்பட்டது.

"அண்ணாச்சி, இ-ன்னா இதயம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஷீட்டைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை இழுத்து முன்னால் வைத்தார். "அடுத்தது என்ன? J. அதுல என்ன வருது?"

"மூச்சு சம்பந்தமானது. மொதல்ல ஜலதோஷம்."

"ஜ" என்றார். குரல் மாறிவிட்டது. "அடுத்தது?"

"K. வயிறு, குடல்."

"குடல். சரி, சொல்லு சொல்லு."

"L, தோல்."

"தோல்ல கடேசி எழுத்து ல். போடு. M?"

"மூட்டு, முதுகு."

"N?"

"சிறுநீரகம்."

"நீர்" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். P பச்சைப்பிள்ளை. S சுளுக்கு, சிராய்ப்பு. T தீக்காயம். தீக்காயத்துக்கு வந்தபோது இருவருமே எழுந்து நின்றுவிட்டோம். எங்கேயோ எந்த நாட்டிலோ உட்கார்ந்து யாரோ எழுதிய புத்தகம், எங்கள் ஊர்ப் பேச்சில் பேசிக்கொண்டிருந்தது. O-வுக்குத் தமிழ் வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. "கிடைக்காட்டி என்ன, மாசமா இருக்கவுக வயிறு அப்படித்தானே இருக்கும்" என்றார். அதுவும் ஒத்துக்கொள்ளப்பட்டது. G-யும் H-ம் எவ்வளவு மல்லுக்கட்டியும் வசப்படவில்லை. Q-வை நாங்கள் தொடவே இல்லை.

E-க்கு வந்ததும் அவர் கொஞ்சம் தயங்கினார். பழைய கோபம் இருந்தது. டீ குடிக்கப் போனார். திரும்பி வரும்போது கடைப்பலகையில் கொட்டிக் கிடந்த சீனியை நினைத்துக்கொண்டே வந்திருப்பார் போல. வாசலில் நின்றபடியே, "ஈ" என்றார். "சர்க்கரை இருந்தா என்ன மொய்க்கும்? ஈதான மொய்க்கும்? சரி, அவங்களே வச்சுக்கிடட்டும்."

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் பழையபடி ஆகிவிட்டார். ஷீட்டைப் புரட்டும்போதே கை எழுதும். எனக்கு எட்டாத வேகம். ஆனால் ஒரு நாள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் போனபோது, மறுபடி அட்மிட் ஆன ஒருவருடைய பழைய கேஸ் ஷீட்டின் தலையில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்த்துவிட்டார். இருவரையும் வரச் சொன்னார். வராண்டாவில் நடக்கும்போது அண்ணாச்சி சட்டைக்கையை இறக்கிவிட்டுப் பட்டன் போட்டுக்கொண்டார்.

"இது என்ன, கேஸ் ஷீட்ல இ, ஒ-ன்னு? குழந்தைகளுக்குப் பாடம் நடத்துறீங்களா?"

அண்ணாச்சி முதலில் தடுமாறினார். பிரசவ வார்டு காணாமல் போன கதையிலிருந்து ஆரம்பித்தார். பிறகு இதயம், ஜலதோஷம், குடல் என்று போகப்போகச் சூடு பிடித்துவிட்டது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சுளுக்கு?"

"S சார்."

"தீக்காயம்?"

"T சார்."

"தோலுக்கு எப்படி L?"

"கடேசி எழுத்து சார்."

"அது அழுகுணி ஆட்டம்" என்றார் டாக்டர். ஆனால் சிரித்துவிட்டார். "சரி, ஷீட்ல இங்கிலீஷ்லயே எழுதுங்க. பக்கத்துல பென்சில்ல உங்க எழுத்தைப் போட்டுக்கங்க. நான் ஒண்ணும் சொல்லலை." நாங்கள் திரும்பும்போது என்னை மட்டும் நிறுத்தினார். "பட்டாசுக் காயத்துக்கு எங்க வச்சு நடந்ததுங்கிறதும் இப்ப எழுதணுமாமே? வீடா, தெருவா, கம்பெனியா?"

"ஆமா சார். கடைசி எண் அதுக்குத்தான். ஆனா கேஸ் ஷீட்ல யாரும் எழுதறதில்லை."

"எங்களுக்கு அதை விசாரிக்க நேரம் இல்லம்மா. நீயே வார்டுக்குப் போய்க் கேட்டு எழுதிக்கோ."

எதற்குப் பயந்து அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தேனோ அங்கேயே போகச் சொல்கிறார். சிஸ்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தீக்காய வார்டுவரை கூட்டிக்கொண்டு போய், வாசலில் விட்டுவிட்டு, "காயத்தப் பாக்காத. மூஞ்சியப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

முதல் கட்டிலில் கையில் தோள்வரை கட்டுப் போட்ட ஒரு அக்கா இருந்தார். திருத்தங்கல் பக்கம் ஒரு கம்பெனியில் திரி வெட்டுகிறவர். சீசன் நேரம், லோடு போக வேண்டும் என்று எல்லோரும் அவசரமாக வேலை பார்த்த நாள் அது. நான் பேனாவைப் பிடித்தபடி என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே, "என்ன தாயி இப்படி வெளுத்துப்போயி நிக்கே? சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சாப்பிட்டுட்டு வா. நான் எங்கன போயிரப் போறேன்" என்றார். அன்று நான் உண்மையிலேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் மற்றதைக் கேட்டேன். அதன்பிறகு எனக்கு அந்த வார்டில் பயம் வரவில்லை.

அந்த வருடம் தீபாவளி முடிந்த மறுநாள், ஆண்கள் பக்கத்தில் ஒரு புதிய ஆள். ஐம்பது வயது இருக்கும், நல்ல மீசை. முழங்காலுக்குக் கீழே கட்டு. பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் என்று ஷீட்டில் இருந்தது. நான் பக்கத்தில் போய், "கம்பெனியிலயா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல வச்சுத்தான்."

"என்ன வெடிச்சுது?"

அவர் மேலே ஓடுகிற மின்விசிறியையே பார்த்தார்.

"சொல்லுங்க ஐயா."

"கம்பி மத்தாப்பு" என்றார், காதில் விழாத மாதிரி. "எழுதும்போது மத்தாப்புன்னு எழுதாத தாயி. இத்தன வருசம் வெடிமருந்துக்குள்ளயே கெடந்தவன், ஒரு பொறி மேல பட்டதில்ல. அணுகுண்டுன்னு எழுதிரு."

"அணுகுண்டுன்னு எழுத முடியாது ஐயா. புத்தகத்துல எல்லாப் பட்டாசுக்கும் ஒரே நம்பர்தான். மத்தாப்பும் ஒண்ணுதான், அணுகுண்டும் ஒண்ணுதான்."

"தனித்தனியாக் கெடையாதா?"

"கெடையாது."

"அப்ப நல்ல புத்தகம்தான்" என்றார்.

வீடு என்பதற்கான எண்ணை எழுதிக்கொண்டு நான் திரும்பும்போது அவருடைய மனைவி தூக்குச்சட்டியோடு வந்துவிட்டார். "என்ன எழுதிக்கிட்டுப் போறீக? எப்படி நடந்துச்சுன்னு சொன்னாராக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வார்டு முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார். மகளுக்குத் தலைத்தீபாவளி. மாப்பிள்ளை தேனிக்காரர், பட்டாசுக்குப் புதுசு. அவருக்கு மத்தாப்பை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டுகிறேன் என்று இவர் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கியிருக்கிறார். "கைய நீட்டிப் பிடிக்கணும் மாப்ள, ஒடம்போட ஒட்டக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே வேட்டியில பத்த வச்சுக்கிட்டாரு. மாப்ளதான் தண்ணியத் தூக்கி ஊத்துனாரு."

அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி தூக்குச்சட்டியைத் திறந்து எனக்கு ஒரு அதிரசம் கொடுத்தார், பக்கத்துக் கட்டில்களுக்கும் கொடுத்தார். நான் தின்றுகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஒல்லியான, கூச்சமான ஆள். போர்மேன் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டு, "வாங்க மாப்ள. சும்மா சின்னக் காயம்தான், டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். மாப்பிள்ளை கவலையோடு கட்டைப் பார்த்தார், ஆரஞ்சுப் பழங்களை வைத்தார், மதியத்துக்கு என்ன சாப்பாடு வேண்டும் என்று கேட்டார், கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் மாடிப்படி இறங்குகிற சத்தம் ஓயும்வரை எல்லாக் கட்டில்காரர்களும் அதிரசத்தை வாயில் வைத்தபடி பொறுத்திருந்தார்கள். அப்புறம் முதலில் சிரித்தது போர்மேன்தான்.